கம்பெனியாகப் பிறந்திருக்கலாம்

ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து வல்லம் வடகாலில் பிறக்க உத்தேசித்திருக்கும் எல்லோருக்கும் ஒரு யோசனை: கம்பெனியாகப் பிறந்துவிடுங்கள். மனிதப் பிறவிதான் வாய்த்திருக்கிறது என்றால், பதினெட்டு வயதில் ஷிப்டுக்கு நின்று வேலை பார்க்கும் உடம்போடும் மூளையோடும் வந்து சேருங்கள். அறிவுசார் குறைபாட்டோடு மட்டும் பிறந்து வைக்காதீர்கள். உங்களுக்குச் சிரமம், பெற்றவளுக்குச் சிரமம், எல்லாவற்றுக்கும் மேலாக ஃபைலுக்குச் சிரமம்.

அரசாங்கத்துக்குப் பராமரிக்கத் தெரியாது என்று சொல்பவர்கள் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ‘உயர் ஆதரவு’ தேவைப்படுவோர் என்று ஒரு வகை உண்டு. அன்றாடக் காரியங்களுக்கும், முடிவெடுப்பதற்கும், வெளியே போய் வருவதற்கும் பக்கத்தில் ஒருவர் இருந்தே ஆக வேண்டியவர்கள். இந்தத் தடத்தில் அந்த விளக்கத்துக்கு அச்சு அசலாகப் பொருந்துவது கம்பெனிகள்தான். பாவம், அவற்றுக்குத் தாமாக நிலம் தேடத் தெரியாது. 1971-இல் தொடங்கிய அரசு நிறுவனமான சிப்காட் விவசாயியிடமிருந்து எடுத்து, சமன்படுத்தி, வேலி போட்டுக் கையில் கொடுக்கிறது. தாமாகத் தண்ணீர் குடிக்கத் தெரியாது. குழாய் வாசலுக்கே வருகிறது. மின்சார வரி என்றால் அழும், விலக்கு. முத்திரைத்தாள் கட்டணம் என்றால் காய்ச்சல் வரும், சலுகை. அலுவலகம் அலுவலகமாக அலைய அவற்றால் ஆகாது என்பதால் ஒற்றைச் சாளரம் திறந்தார்கள். அந்தச் சாளரமும் தாமதம் செய்துவிடக் கூடாதே என்று 2018-இல் தமிழ்நாடு தனிச் சட்டமே இயற்றி, எந்த அனுமதியை எத்தனை நாளில் கொடுக்க வேண்டும் என்று காலக்கெடு வைத்தது.

கம்பெனியில் வேலை பார்க்கும் பெண்கள் தூங்க இடம் வேண்டுமே? 2024 ஆகஸ்ட் 17 அன்று வல்லம் வடகாலில் சிப்காட் கட்டிய விடுதி திறக்கப்பட்டது. 706 கோடியே 50 லட்சம் ரூபாய். 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கலாம். ஃபாக்ஸ்கான் ஆலைக்குப் போகும் பெண்கள் அங்கே தங்குகிறார்கள். இதில் எனக்குப் பொறாமை இல்லை. ஊர்விட்டு ஊர் வந்த பெண்பிள்ளைகள் நல்ல கூரையின் கீழ் படுக்கட்டும். எனக்குள்ள சந்தேகம் ஒன்றே ஒன்று. 18,720 பேருக்குக் கட்டில் போடத் தெரிந்த அரசுக்கு, அதே ஊரில் இருபது முப்பது பேர் பகலில் பத்திரமாக உட்கார ஒரு கூடம் கட்டத் தெரியாமல் போனது எப்படி?

அந்தக் கூடம் ஏன் வேண்டும் என்று கேட்பவர்கள் விடியற்காலையில் மெயின் ரோட்டுக்கு வந்து நில்லுங்கள். கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போகும். ஏறுகிற பெண்களைப் பார்க்கலாம். ஏறாமல் வீட்டுக்குள் இருக்கிறவளைப் பார்க்க முடியாது. அவளுக்கு இருபத்திரண்டு வயதில் ஒரு மகன். சோறு ஊட்டினால் சாப்பிடுவான், கதவு திறந்திருந்தால் ரோட்டுக்குப் போய்விடுவான், லாரிக்கு வழிவிட வேண்டும் என்பது அவனுக்குத் தெரியாது. அவளுக்கு மூன்றே வழிகள். வேலைக்குப் போகாமல் இருக்கலாம். பக்கத்து வீட்டுக்காரியிடம் விட்டுப் போகலாம், அவளும் பஸ் ஏறாதவளாக இருந்தால். இல்லையென்றால் வெளியே பூட்டிவிட்டுப் போகலாம். இந்த மூன்றாவது வழியைக் கேட்டதும் முகம் சுளிக்கிறோம் அல்லவா, அந்த முகச்சுளிப்புதான் சமூகம் அவளுக்கு இதுவரை அளித்த ஒரே இலவச சேவை.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும். 40 சதவீதமும் அதற்கு மேலும் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்குத் தமிழக அரசு 2025-இல் கொடுத்த பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். இருபத்துநாலு மணி நேரமும் ஒரு ஆளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு, மணிக்கு 2 ரூபாய் 78 காசு. அதே ஆண்டு நூறு நாள் வேலைக்கு இங்கே அறிவித்த கூலி நாளுக்கு 336. ஆக, பெற்ற பிள்ளையைப் பார்த்துக்கொள்வதைவிட ஏரிக்கரையில் மண் அள்ளுவது அறிவுபூர்வமான வேலை என்பது அரசின் கணிப்பு. ஆந்திராவில் 2024 ஜூலை முதல் மாற்றுத்திறனாளிகளுக்கு 6,000 ரூபாய் என்றார்கள். அந்தத் தொகையை இங்கேயும் கேட்டு மாற்றுத்திறனாளிகள் சங்கத்தார் மறியல் செய்தார்கள்; கைதானார்கள். போக்குவரத்து வசதி செய்து தருவதில்லை என்று துறைகளைக் குறை சொல்கிறோமே, அன்றைக்குப் போலீஸ் வேன் சொன்ன நேரத்துக்கு வந்தது.

இந்த 2,000 ரூபாயும் சும்மா வந்துவிடாது. பையனுக்கு எவ்வளவு குறைபாடு என்று அளக்க வேண்டும். இதற்கு ஒரு அளவுகோல் உண்டு: வைன்லாண்ட் சமூக முதிர்ச்சி அளவுகோல். அமெரிக்காவின் நியூஜெர்சியில் வைன்லாண்ட் என்ற ஊரில் எட்கர் டால் 1935-இல் உருவாக்கியது. நம்மூர் அளவுக்கு வெட்டித் தைத்துக் கொடுத்தவர் நாக்பூரில் மாலின். தானாகச் சாப்பிடுகிறானா, சட்டைக்குப் பொத்தான் போடுகிறானா, தனியாகத் தெருவைக் கடக்கிறானா, காசு கொடுத்துச் சாமான் வாங்கி வருகிறானா என்று கேட்பார்கள். 2018 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டியின்படி மதிப்பெண் 55 முதல் 69 வரை வந்தால் 50 சதவீதம். 36 முதல் 54 வரை 75 சதவீதம். 21 முதல் 35 வரை 90. அதற்கும் கீழே நூற்றுக்கு நூறு. 70-ஐத் தொட்டுவிட்டால் 25 சதவீதம், அதாவது உதவித்தொகை இல்லை. நாட்டில் ஒரு மதிப்பெண் கூடுதலாக எடுத்ததற்காக வீட்டில் அழுகிற ஒரே பரீட்சை இதுதான்.

அந்த அறையில் பதில் சொல்வது பெரும்பாலும் அம்மா. போன வாரம்தான் அவன் முதல் தடவையாகத் தானே செருப்பு மாட்டினான். அதைத் தெருவெல்லாம் சொல்லியாகிவிட்டது. இங்கே சொல்லலாமா? சொன்னால் பெர்சன்டேஜ் இறங்கிவிடுமோ? வரிசையில் முன்னால் நின்றவள் காதில் ஓதியிருக்கிறாள்: “எதுவும் தெரியாதுன்னே சொல்லிடுக்கா.” பிள்ளையைக் குறைத்துச் சொன்னால் காசு, பெருமையாகச் சொன்னால் வெறுங்கை. பெற்ற வாயாலேயே பிள்ளையைத் தாழ்த்திச் சொல்லவைக்கிற ஏற்பாட்டுக்கு நலத்திட்டம் என்று பெயர் வைத்தவர் நகைச்சுவை உணர்வு மிக்கவராக இருக்க வேண்டும்.

சின்னப் பிள்ளையாக இருந்தால் ஒருமுறை அளந்தால் போதாது. ஐந்து வயதில் ஒரு சர்டிபிகேட், பத்து வயதில் ஒன்று, பதினெட்டில் ஒன்று. இடையில் குணமாகிவிட்டால் கருவூலத்துக்கு நஷ்டமாகிவிடும் அல்லவா? அப்புறம் 18 இலக்க எண்ணோடு யூடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாளக் கார்டு. குறைபாடு 80 சதவீதத்தைத் தொட்டால் நீலப் பட்டை, 40-ஐத் தொட்டால் மஞ்சள், அதற்குக் கீழே வெள்ளை. அப்புறம் வாழ்நாள் சான்று: பையன் உயிரோடுதான் இருக்கிறான் என்று கிராம நிர்வாக அலுவலர் கையெழுத்து. எந்தக் கம்பெனியையும், நீ இன்னும் கம்பெனியாகத்தான் இருக்கிறாயா என்று வி.ஏ.ஓ.விடம் எழுதி வாங்கி வரச் சொன்னதாகக் கேள்விப்பட்டதில்லை.

அளவுகோல் கையில் இருக்கும்போது ஒரு ஆசை. பையனை அளந்தது போதும், அளந்தவர்களையும் ஒருமுறை அளந்து பார்ப்போம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறதா? திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு எண் கொடுத்துக் கூப்பிட்டால் சில சமயம் திரும்புகிறது. சொன்னதை நினைவில் வைத்துக்கொள்கிறதா? இல்லை, ஒரே ஜெராக்ஸை ஒவ்வொரு முறையும் கேட்கிறது. வலது கைக்கும் இடது கைக்கும் வித்தியாசம் தெரியுமா? வருவாய்த் துறை கொடுக்கும் ஓய்வூதியம் ஒரு மேசை, நலத்துறை கொடுக்கும் உதவித்தொகை இன்னொரு மேசை, சிறப்புப் பயிற்சி பள்ளிக்கல்வித் துறை, சர்டிபிகேட் சுகாதாரத் துறை, இன்சூரன்ஸ் டெல்லி. ஒரு கைக்கு இன்னொரு கை இருப்பதே தெரியாது. தனியாக வெளியே போய் வருகிறதா? ஜீப் இருந்தால். காலம், நேரம் புரிகிறதா? “அடுத்த கேம்ப்ல வாம்மா” என்கிறது. கேம்ப் எப்போது என்று கேட்டால் விழிக்கிறது. தானாகச் சாப்பிடுகிறதா? இதில் மட்டும் முழு மதிப்பெண்.

இந்தப் பரிசோதனை பிள்ளைகளுக்குச் செய்கிற அவமானம் என்று எனக்கே உறைக்கிறது. பொறுமையாகத் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்தால் அவர்கள் கற்றுக்கொள்கிறார்கள்.

சொல்லிக் கொடுக்கிறவர் கதை தனி. அரசுப் பள்ளியிலும் வீட்டுவழிப் பயிற்சியிலும் இந்தப் பிள்ளைகளைப் பார்க்கிற சிறப்பாசிரியர்கள் சமக்ர சிக்ஷா திட்டத்தின் தொகுப்பூதியக்காரர்கள். நிரந்தரக் குறைபாட்டுக்குத் தற்காலிக ஆசிரியர். 2024-இல் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் கையெழுத்துப் போட்டால்தான் சமக்ர சிக்ஷாவுக்குப் பணம் என்று டெல்லி சொன்னது, போட மாட்டோம் என்று சென்னை சொன்னது, 2024-25-க்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாய் நின்றது. கொள்கைச் சண்டை நடக்கட்டும். இரண்டு யானைகளும் சண்டை போடுகிற மைதானத்தின் மத்தியில் பென்சில் பிடிக்கப் பழகிக்கொண்டிருந்த பையன் ஒருவன் உட்கார்ந்திருந்தான் என்பதை இரண்டு பேரில் ஒருவராவது அறிக்கையில் எழுதியிருக்கலாம்.

சாதாரண டவுன் பஸ்ஸில் பயணம் இலவசம். கூடப் போகிறவருக்கும் இலவசம். போவதற்குத்தான் இடமில்லை. நலத்துறை அலுவலகம் காஞ்சிபுரத்தில், ஏறக்குறைய 40 கிலோமீட்டர். பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் முட்டுக்காட்டில் கடற்காற்று வாங்கிக்கொண்டிருக்கிறது; 2019 நவம்பரில் செங்கல்பட்டு மாவட்டம் பிரிந்தபோது அதுவும் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது. யாரும் வரக் கூடாது என்று சொல்லவில்லை. கூட்டத்தையும் ஹாரன் சத்தத்தையும் கண்டு மிரளும் ஒருவனை மூன்று பஸ் மாற்றி அழைத்துப் போய்வர முடிந்தால் தாராளமாகப் போகலாம். கண்டெய்னர் லாரி இங்கிருந்து துறைமுகத்துக்குத் தடையில்லாமல் போகச் சாலை போட்டிருக்கிறார்களே, அதன் ஓரமாகவே.

பதினெட்டாவது பிறந்தநாள் இந்தப் பிள்ளைகளின் வீட்டில் ஒரு விசேஷமான நாள். சட்டப்படியான இலவசக் கல்வி அன்றோடு முடிகிறது. குழந்தைகளுக்கான சுகாதாரப் பரிசோதனைத் திட்டம் அன்றோடு முடிகிறது. அப்பா அம்மா இயல்பான பாதுகாவலர்களாக இருந்ததும் முடிகிறது. வங்கியில் கேட்பார்கள்: “இவருக்கு நீங்க யாரும்மா?” பெற்று, பதினெட்டு வருஷம் கால் கழுவிவிட்டவள் அன்றைக்குச் சட்டத்தின் கண்ணில் வழிப்போக்கி. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி அவள் தன் மகனுக்குக் கார்டியன் ஆக விண்ணப்பம் போட வேண்டும். முடிவு செய்வது கலெக்டர் தலைமையிலான உள்ளூர் அளவிலான குழு. மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது அது கூட வேண்டும் என்பது சட்டம். ‘அல்லது தேவைப்படும் இடைவெளியில்’ என்று ஒரு வாலும் அதே சட்டத்தில் இருக்கிறது. அந்த வாலைப் பிடித்துக்கொண்டுதான் நிர்வாகம் ஆற்றைக் கடக்கும்.

வேடிக்கை என்னவென்றால் அதே 1999-இன் 10-ஆம் எண் தமிழ்நாட்டுச் சட்டம், தொழில் தேவைக்காக நிலம் எடுக்கும் சட்டம். அதையும் நடத்திவைப்பது கலெக்டர்தான். ஒரே ஆண்டு, ஒரே அதிகாரி, இரண்டு சட்டம். ஊர் ஊராகப் போய் நிலத்தை அளந்து, நோட்டீஸ் கொடுத்து, கையில் எடுத்து, ஆலை எழுந்து, வண்டியும் போனும் கப்பல் ஏறியாகிவிட்டது. இன்னொரு சட்டத்தின் கீழ் ஒரு தாய் காத்திருக்கிறாள், தன் பிள்ளை தன் பிள்ளைதான் என்று ஒரு தாள் வாங்க.

நிராமயா என்று ஒரு இன்சூரன்ஸ் உண்டு. ஒரு லட்சம் ரூபாய் வரை. முதலில் நாம் செலவு செய்துவிட்டு, பில்லை அனுப்பி, பிறகு வாங்கிக்கொள்ள வேண்டும். வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். கையில் காசு உள்ள ஏழைகளுக்காக வகுத்த திட்டம். வேறென்ன சொல்ல?

வேலையா? தாராளமாக. 2016 சட்டம் அரசு வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கு 4 சதவீதம் ஒதுக்கியது; அதில் அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, மனநோய் என்று இத்தனை பேரும் சேர்ந்து அடித்துக்கொள்ள ஒரு சதவீதத் துண்டு. எழுத்துத் தேர்வு வைத்துத்தான் எடுப்பார்கள், கவலை வேண்டாம். தனியாருக்கோ 35-ஆம் பிரிவு இருக்கிறது: ஊழியர்களில் குறைந்தது 5 சதவீதமாவது மாற்றுத்திறனாளிகளாக இருக்கும்படி, அரசு தன் பொருளாதார வசதிக்கு உட்பட்டு ஊக்கச் சலுகை தர வேண்டுமாம். கட்டாயம் இல்லை, மிரட்டல் இல்லை, ஊக்கம் மட்டும். 2024 ஜனவரி உலக முதலீட்டாளர் மாநாட்டில் 6.64 லட்சம் கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் போட்டதாக அறிவித்தார்கள். அவற்றில் எத்தனை தாளில், அட்டைப்பெட்டி மடிக்கிற, லேபிள் ஒட்டுகிற வேலைக்கு இந்தப் பிள்ளைகளில் இத்தனை பேரை எடுப்போம் என்று ஒரு வரி இருக்கிறது? இருந்தால் காட்டுங்கள், நான் பேனாவை மூடி வைத்துவிடுகிறேன். பெரிய கம்பெனிகள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவழிக்க வேண்டும் என்பதால் மாற்றுத்திறனாளிகள் தினமான டிசம்பர் 3 வந்தால் மேடை போடுகிறார்கள். நன்றாக ஓடியாடுகிற பிள்ளைக்கும் சக்கர நாற்காலி கொடுத்து, அதில் அவனை உட்காரவைத்துப் போட்டோ எடுக்கிற வைபவங்களும் உண்டு.

அரசே நேரடியாக இல்லம் நடத்தினால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு இரண்டு செய்திகள். மகாராஷ்டிராவில் சிரூர் என்ற இடத்தில் அறிவுசார் குறைபாடுள்ள பெண்களுக்கு அரசு இல்லம் இருந்தது. மாதவிடாய் நாட்களில் அவர்களைச் சுத்தமாக வைத்துக்கொள்வது சிரமமாக இருக்கிறது என்று சொல்லி, 1994 பிப்ரவரியில் புனே சசூன் மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் வரிசையாகக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். பெண்கள் அமைப்புகள் கூச்சல் போட்ட பிறகுதான் கத்தி நின்றது. டெல்லி ரோகிணியில் அரசின் ஆஷா கிரண் இல்லத்தில் 2024 ஜூலை என்ற ஒரே மாதத்தில் பத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். விசாரணைக்கு உத்தரவிடப்பட்டது. ஆஷா கிரண் என்றால் நம்பிக்கைக் கதிர். பெயர் வைப்பதில் மட்டும் நம் அரசுகளுக்கு ஒருநாளும் குறைபாடு வந்ததில்லை. இங்கேயும் ‘உரிமைகள்’ என்று ஒரு திட்டம், உலக வங்கிக் கடனோடு ஆயிரத்து எழுநூறு கோடிக்கு மேல். அதன் கிளைக்கு ‘விழுதுகள்’ என்று அழகான பெயர். விழுது வல்லம் வடகாலில் எந்தத் தேதியில் மண்ணைத் தொடும் என்பதை மட்டும் பெயர் வைத்தவர்கள் சொல்லவில்லை.

சாக்குக்கு ஒரு இடம் விடக் கூடாது என்பதால் பக்கத்து மாநிலத்தைச் சொல்கிறேன். 2004-இல் திருவனந்தபுரம் பக்கத்தில் வெங்ஙானூர் ஊராட்சி ‘பட்ஸ்’ என்று ஒரு பள்ளி தொடங்கியது. குடும்பஸ்ரீ சுயஉதவிக் குழுப் பெண்கள் துணைக்கு நின்றார்கள். இன்று கேரளம் முழுக்க உள்ளாட்சிகள் நடத்தும் இந்த நிறுவனங்கள் பரவியிருக்கின்றன. பதினெட்டைத் தாண்டியவர்களுக்கென்றே பகல்நேர மறுவாழ்வு மையங்களும் அதில் அடக்கம். அங்கேயும் பாலும் தேனும் ஓடவில்லை. பராமரிப்பவருக்கு ஆஸ்வாசகிரணம் என்று மாதம் 600 ரூபாய் அறிவித்துவிட்டு, அதையும் மாதக்கணக்கில் பாக்கி வைத்தார்கள். ஆனால் காலையில் பிள்ளையை விட்டுவிட்டு அம்மா வேலைக்குப் போக ஊராட்சியில் ஒரு வாசல் இருக்கிறது. உலக வங்கி இல்லாமல் ஒரு ஊராட்சி தொடங்கிய காரியம் அது.

இங்கே எந்த வீட்டில் கேட்டாலும் ஒரே வாக்கியம் வரும்: “எனக்கப்புறம் இவனை யாரு பார்த்துக்குவா?” இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் அடுத்த வாக்கியமும் வரும். அது வேண்டுதல். தான் போவதற்கு ஒருநாள் முன்னால் பிள்ளை போய்விட வேண்டும் என்று ஸ்ரீபெரும்புதூர் ராமானுஜர் சன்னிதியில் நின்று கேட்கிற தாய்மார்கள் இருக்கிறார்கள். மாநிலத்தின் தொழில் வளர்ச்சியைக் கிராஃப் போட்டுக் காட்டுகிறவர்கள் இந்த வேண்டுதலை எந்தக் கட்டத்தில் வரைவார்கள் என்று தெரியவில்லை. மக்கள்தொகைக் கணக்கில்கூட இவர்களை நாடு கடைசியாக எண்ணியது 2011-இல். அப்போது நாடு முழுக்கப் பதினைந்து லட்சம் பேர். 2021-இல் எடுக்க வேண்டிய கணக்கை அந்த ஆண்டு எடுக்கவே இல்லை.

வல்லம், வடகால், ஒரகடம் பக்கத்து ஊராட்சிகளில் ஓட்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று கிராமசபை கூடும். எழுந்து நின்று இந்தத் தீர்மானத்தை நோட்டில் ஏற்றச் சொல்லுங்கள்: ‘சிப்காட் வளாகத்தில் ஒரு மனை ஒதுக்கி, முதல் ஷிப்ட் பஸ் வருவதற்கு முன் திறந்து, கடைசிப் பஸ் வந்த பிறகு மூடும் பகல்நேரப் பராமரிப்பு மையம் ஒன்றை, பதினெட்டு வயது கடந்த அறிவுசார் குறைபாடுள்ளவர்களுக்காக, பயிற்சி பெற்ற நிரந்தர ஊழியர்களோடு அரசு நடத்த வேண்டும்.’ கிராமசபைத் தீர்மானத்துக்கு என்ன மரியாதை என்று, விமான நிலையம் வேண்டாமென்று திரும்பத் திரும்பத் தீர்மானம் போட்ட ஏகனாபுரத்துக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். இருந்தாலும் எழுதச் சொல்லுங்கள். எழுதியதற்கு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். ஜெராக்ஸ் இரண்டு எடுத்து வையுங்கள், எப்படியும் கேட்பார்கள்.